நான்கு உள்ளங்கை அளவு

மோட்டார் வண்டி எவ்வளவு பெரிதாயினும், எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. சில்லு ஒன்றுக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நான்கு சில்லுகளுக்கு நான்கு உள்ளங்கை. நிறுத்துவதும் திருப்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்த நான்கு உள்ளங்கை இறப்பரின் பிடியால்தான். எஞ்சினின் வலுவும் பிரேக்கின் திறமும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே வலுவாகவும் திறமாகவும் பயன்படுகின்றன. அந்தப் பிடி யாருக்குச் சொந்தம் என்பதே நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி. பணம் உள்ளவன் வாங்கிக்கொள்ளவும், இல்லாதவன் இல்லாமலே இருந்துவிடவும் கூடிய ஒரு பண்டந்தானா அது?

இக்கேள்வி நமக்கு நூலகத்திலிருந்து வரவில்லை. ஐப்பசி அடைமழையில், பேராதனைப் பூந்தோட்டத்தைத் தாண்டிக் கம்பளை வீதியில் சிறிது தூரத்தில், ஒரு வல்கனைசிங் கடையின் தாழ்வாரத்தில் வந்தது.

புசல்லாவையில் ஒரு திருமணம். மணமகளின் அண்ணன் நம் நண்பரின் மகன். கண்டியிற் பிறந்து, இப்பொழுது கனடாவில் மொன்றியல் நகரில் வேலை பார்ப்பவர். கண்டியிலிருந்து வாடகை வான் ஒன்றில் அவரும் நாமும் புறப்பட்டோம். வழியில் பின்பக்கச் சில்லு ஒன்று காற்றுப் போயிற்று. மாற்றுச் சில்லைத் திறந்து பார்த்தால் அது ஏற்கெனவே காற்றுப் போனது. சாரதி மழையில் நனைந்துகொண்டே சில்லைக் கழற்றி உருட்டிக்கொண்டு முன்னே நடந்தார். நாம் பின்னே நடந்தோம்.

கடைக்காரர் நடு வயதினர். டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்; குமிழி வந்த இடத்தில் சோக்கால் வட்டமிட்டார். பிறகு டயரைத் திருப்பி, ஓரச்சுவரைக் கட்டைவிரலால் தடவி, ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டார். அங்கே எலுமிச்சங்காய் அளவு புடைப்பு. அதைப் பார்த்தபின் ஒன்றும் பேசாமல் டயரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அவர் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் இளைஞர் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு டயர்க் கவலை இருந்தது. மொன்றியலில் அவர் ஒரு பந்தயக் கார் வகை வண்டி வாங்கியிருக்கிறார். தாழ்ந்த உடல், 20 அங்குல அலோய் சில்லுகள். கியூபெக் மாகாணத்தில் 2008ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் ஒரு சட்டம் உண்டு: குளிர்காலத்தில் ஓடும் கார்களுக்கெல்லாம் குளிர்கால டயர் கட்டாயம். இப்பொழுது அந்தக் காலம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. மீறினால் 200 டொலருக்குக் குறையாத அபராதம். திரும்பிப் போனதும் அவருக்கு முதல் வேலை டயர் மாற்றுவதுதான். அந்தப் பெரிய அலோய் சில்லுகளிலேயே குளிர்கால டயரை ஏற்றுவதா, இல்லை, சிறிய சில்லுகள் நான்கை வேறாக வாங்கி அவற்றில் ஏற்றுவதா? இதுதான் அவருடைய வழக்கு. கைத்தொலைபேசியில் வண்டியின் படத்தைக் காட்டினார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

குளிர்கால டயர் என்பதை நம் நாட்டில் பார்த்தவர் அரிது என்பதால் அதைச் சற்று விளக்குவோம். சாதாரண டயரின் இறப்பர் வெப்பம் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்குகிறது. இறுகிய இறப்பர் தெருவின் நுண்ணிய மேடு பள்ளங்களைப் பற்றாது; பலகைபோல வழுக்கும். குளிர்கால டயருக்கு வேறு கலவை. அதில் மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை இறப்பரின் பங்கு பெரும்பாலும் கூடுதல். ஏனெனில் கடுங்குளிரிலும் அது இளக்கம் விடாதது. மேற்பரப்பில் கத்தியால் கீறினாற்போல நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள்; அவை பனியைக் கவ்வும். பின்லாந்தில் 1934இல் லொறிகளுக்கென்று இத்தகைய டயரைச் செய்தார்கள். 1936இல் கார்களுக்கும் செய்தார்கள்.

இனிச் சில்லின் அளவு. சில்லு பெரிதானால் அதைச் சுற்றிய டயரின் ஓரச்சுவர் ஒடுங்கும். பார்வைக்கு அழகு, கோடைத் தெருவில் திருப்பத்துக்கும் நல்லது. ஆனால் பனி மூடிய குழியில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க இறப்பர் போதாது. அடி நேரே உலோகத்தில் விழுந்து சில்லு வளையும், வெடிக்கும். தெருவில் தூவும் உப்பு அலோய் சில்லின் மெருகைத் தின்னும். அகன்ற டயர் பனிமேல் மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயரே பனியை வெட்டி உறுதியான தரையைத் தேடும். ஆகவே அறிந்தவர்கள் குளிர்காலத்துக்குச் சிறிய, ஒடுங்கிய சில்லையே சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் பந்தயக் காரின் பிரேக் பெரிது. மிகச் சிறிய சில்லு அதன்மேல் ஏறாது. அவருடைய வண்டிக்கு 18 அங்குலம் வரை இறங்கலாமாம். அதற்கு மேல் அவரைத் தடுத்தது என்ன என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "பார்க்க நல்லா இருக்காது, அங்கிள்," என்றார்.

பெரிய சில்லிலேயே ஏற்றுவதிலும் தொல்லை உண்டு. ஒடுங்கிய ஓரச்சுவர் விறைப்பானது. டயரின் கம்பி விளிம்பைச் சில்லின் உதட்டுக்கு மேல் இழுத்து உட்காரவைக்கத் துணைக்கை கொண்ட இயந்திரம் வேண்டும். கவனம் தவறினால் அலோயில் கீறல் விழும், விளிம்பு கிழியும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி முன்னோக்கியிருக்க வேண்டும். பாரம் சமன் செய்யும் எடைத்துண்டுகளை உள்பக்கம் ஒட்ட வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் ஆண்டுக்கு இருமுறை! கடைக்காரர் இதையெல்லாம் தொழிலாளிக்குரிய ஆவலோடு கேட்டார். அவரிடம் இருந்தவை இரண்டு நெம்புகோல்கள், ஒரு சம்மட்டி, ஒரு காற்றுப் பம்பு.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்கே அதைச் சட்டமாவே போட்டிருக்காங்களா, தம்பி?"

"சட்டந்தான் அண்ணே. எவ்வளவு பெரிய வண்டியா இருந்தாலும் விடமாட்டாங்க."

"அப்ப சரி," என்று சொல்லி அவர் சுவரோரம் சாய்த்திருந்த டயரைப் பார்த்தார்.

இந்த இளைஞரின் ஆசையை வீண் ஆடம்பரம் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நமது பத்திரிகைகளில் அப்படி ஏசுவது வழக்கமுங்கூட. நாம் அதைச் செய்யப் போவதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாயின் மகன் தன் உழைப்பில் ஓர் அழகிய பொருளை வாங்கி மகிழ்வதில் நமக்கு வருத்தமில்லை. நம்மைச் சிந்திக்க வைத்தது வேறு. அந்தச் சட்டம் அவருடைய ஆசையில் தலையிடவில்லை. 20 அங்குலத்திலேயே ஏற்றிக்கொள் என்கிறது. பிடியில் மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை. 'என் வண்டி, என் பணம், என் உயிர்' என்ற வாதத்தை அது கேட்பதில்லை. வழுக்கும் வண்டி தன் சொந்தக்காரனை மட்டும் தேடிப்போய் மோதுவதில்லையே! தெருவைக் கடக்கும் கிழவி, எதிரே வரும் பாற்காரன், பள்ளிப் பிள்ளை, எல்லோரும் அந்த நான்கு உள்ளங்கைப் பிடியில் பங்குதாரர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஆகவே டயர் என்பது ஒருவன் பணங்கொடுத்து வாங்கினாலும் அவனுக்கு மட்டும் உரியதன்று.

இவ்வளவு ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானே வந்து நிற்கும்: அதற்கு யார் விலை கொடுப்பது? மொன்றியலில் பந்தயக் கார்க்காரருக்கும், பழைய காரில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கூலிக்காரனுக்கும் சட்டம் ஒன்றே. ஒருவருக்கு அது ஒரு மாலைப்பொழுதுச் செலவு; மற்றவனுக்கு ஒரு மாத வீட்டு வாடகையில் பெரும்பங்கு. சமமில்லாதவர்மேல் சமமாக விழும் சட்டம் முழு நீதியாகாது. இதை இளைஞரும் ஒப்புக்கொண்டார். அங்கே போன முதல் இரண்டு ஆண்டுகளில் தாமும் பிறர் கழற்றிப்போட்ட குளிர்கால டயரைத்தான் தேடித் திரிந்ததாகச் சொன்னார்.

நம் மலைநாட்டில் பனி பெய்வதில்லை. ஆனால் மழை பெய்கிறது. வைகாசியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. புது டயரின் வரிப்பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம். அதன் வேலை தண்ணீரை ஒதுக்கித் தரையைத் தொடுவது. பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் ஒதுங்காது. டயர் தண்ணீர்மேலேயே ஓடும். பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த டயரைத் தெருவில் விடுவதில்லை. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் வீதியிலும், கண்டியிலிருந்து உன்னஸ்கிரிய தாண்டி மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதியிலும், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன ஓர் அரசாங்க பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குக் காரணம் டயர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீதிகளில் பிடி தவறினால் போய்ச் சேரும் இடம் எது என்பது அன்று நாடு முழுவதற்கும் தெரிந்தது. பஸ் ஏறும் பெண் மழையில் குனிந்து டயரைப் பார்த்துவிட்டா ஏறுகிறாள்? பார்த்தாலும், இது வேண்டாம் என்று நிற்க அவளுக்கு அடுத்த பஸ் இருக்கிறதா?

'ரீபில்ட்' என்று சாரதிகள் சொல்லும் டயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பழைய உடம்புக்குப் புதிய தோல் பதித்த டயர் அது. அதை ஏழையின் டயர் என்று இகழ்வோர் உண்டு. ஆகாய விமானங்களே பலமுறை தோல் பதித்த டயர்களோடுதான் தரையிறங்குகின்றன. அங்கே ஒவ்வொரு முறையும் உடம்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள். குற்றம் பழைய டயரில் இல்லை; சோதிக்காத கண்ணிலும், சோதித்தும் பேசாத வாயிலுந்தான்.

மழை விடவில்லை. வீதிக்கு அப்பால் தோட்டத்து மரங்கள் தெரிந்தன. பேராதனைத் தோட்டத்தையும் டயரையும் ஒரு கதை பிணைக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்தவற்றில் 1,919 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின. பேராதனைத் தோட்டத்தார் அவற்றைப் பொறுப்பேற்று, வெப்பம் மிகுந்த ஹெனரத்கொடையில் நட்டு வளர்த்தார்கள். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்தார். பிறகு உலகம் இறப்பருக்காக எதையும் செய்யத் துணிந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த கொங்கோவில், கேட்ட அளவு இறப்பர் சேராத ஊர்களில் மனிதரின் கைகளை வெட்டினார்கள்.

இங்கே கைகளை வெட்டவில்லை. கைகளை விலைக்கு வாங்கினார்கள், மிகக் குறைந்த விலைக்கு. கடுகண்ணாவைக் கணவாய் இறங்கி மாவனல்லை, கேகாலைப் பக்கம் போனால் இன்றும் அந்த மரங்களைக் காணலாம். விடியுமுன் எழுந்து, பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். ஆழம் சற்று மிஞ்சினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. வெயில் ஏறுமுன் சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை. வெட்டில்லையேல் பெரும்பாலும் சம்பளமில்லை. பனிநாட்டில் இறுகாமல் நின்று ஒருவரைக் காப்பாற்றும் இறப்பர், பனியையே காணாத ஒரு மரத்தின் பால். குளிர்ச் சட்டை ஒன்றுக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு கை வடித்த பால்.

1952 டிசம்பரில் இலங்கையும் சீனமும் இறப்பர் அரிசி ஒப்பந்தம் செய்தன. நாட்டுக்கு அரிசி வந்தது. அதைப் பெருமையாகவே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் அதே ஆண்டு மே மாதம் நடந்த பொதுத்தேர்தலில், பெருந்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன்பின் வந்தவையும் அதைப் பறித்துவிட்டன. நாடு உண்ட சோற்றுக்கு மாற்றுப்பண்டம் தந்தவர்கள் நாட்டின் கணக்கில் இல்லை. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்துப் பால் வெட்டிய சிங்களக் குடியானவருக்கு வாக்கிருந்தது; விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கும் இருக்கவில்லை. தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2021இல். அதற்குப் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

இந்நாடு ஒரு காலத்தில் டயரைப் பொதுக் காரியமாகவே எண்ணியது. 1958 தை முதல் நாள் பஸ்கள் தேசவுடைமையாயின. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. நம் மரத்துப் பாலில், நம் கையால், நம் பஸ்ஸுக்கு டயர் என்பது எண்ணம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நமக்கு விருப்பமில்லை; போக்குவரத்துச் சபையின் பஸ்களிலும் வழுவழுத்த டயர்களை நாம் பார்த்திருக்கிறோம், தவறிக் கேட்டவர்களைக் கண்டக்டர் எரித்துப் பார்த்ததையும் பார்த்திருக்கிறோம். இருந்தும் குறை சொல்ல ஒரு வாசல் இருந்தது. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் மறுபடி வந்தன. பின்னர் களனித் தொழிற்சாலையும் அரசின் கையைவிட்டுப் போயிற்று. இன்று பல தனியார் பஸ்களில் சாரதியும் நடத்துநரும் அன்றன்றைய வசூலை நம்பி ஓடுகிறார்கள். முதலாளிக்கு இவ்வளவு என்று கட்டிய பின் மிஞ்சுவதே கூலி. அத்தகைய ஒருவரிடம் போய் 'மனச்சாட்சிப்படி டயர் மாற்று' என்று உபதேசிப்பது, பொதுக் கடனை ஒரு தனி மனிதனின் தலையில் ஏற்றி வைப்பதாகும். அபராதம் மட்டும் விதிக்கும் சட்டமும் அவன் மடியிலிருந்துதான் எடுக்கும். சட்டம் வேண்டும், ஆனால் அது முதலில் முதலாளியிடமும் அரசிடமும் போய் டயரைத் தொட்டுப் பார்க்கட்டும். டயருக்குக் கடன் கொடுக்கும் ஏற்பாடும், நேர்மையான ரீபில்ட்டுக்கு முத்திரையிடும் ஏற்பாடும் கூடவே வரட்டும்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிற நாம் அன்று அந்தத் தாழ்வாரத்தில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இல்லை. சாரதி கடைக்காரரிடம், "உள்ளே ஒரு துண்டு வைச்சு ஒட்டிக் குடுங்க அண்ணே, போய்ட்டு வந்து மாத்திக்கிறேன்," என்றார். கடைக்காரர் தலையசைக்கவில்லை. அப்பொழுது நாமுந்தான் சொன்னோம்: "ஒட்டிக் கொடுங்கள். மெதுவாகப் போகிறோம்." நம் குரலில் கெஞ்சலைவிட அவசரந்தான் இருந்தது. கடைக்காரர் நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்துப் போனதை ஒட்டலாம் ஐயா. இது உள்ளே நூல் அறுந்த டயர். இதை ஒட்டிக் காசு வாங்கிட்டு ராத்திரி நான் எப்படித் தூங்குறது?"

அப்படிச் சொல்ல அவருக்குச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. மறுத்தால் அவருக்கு அன்றைய வருமானத்தில் நட்டம். சற்றுத் தூரத்தில் இன்னொரு கடை இருந்தது. அங்கே ஒட்டிக்கொடுப்பார்கள் என்பதை அவரும் அறிவார், சாரதியும் அறிவார். தெருவை அறியாத கிழவிக்கும் பாற்காரனுக்குமாக அங்கே நின்று பேசியவர் அவர் ஒருவரே. பங்குதாரர் கணக்கையெல்லாம் எழுதத் தெரிந்த நாம் மறுபக்கம் நின்றோம்.

சாரதி மற்றக் கடைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நாம் கேட்கவில்லை. வெட்கமாக இருந்திருக்கலாம், மழையாகவும் இருந்திருக்கலாம். மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் ஒன்றை எடுத்துக் கடைக்காரர் வரிப்பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை நுழைத்துக் காட்டினார். நகம் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. விலையைச் சொன்னார். சாரதி இரண்டு நாள் ஓட்டத்தைக் கணக்கிட்டார். இளைஞர் தாம் கொடுப்பதாகப் பணப்பையை எடுத்தார். சாரதி, "வேணாம் தம்பி, வண்டி என்னோடது," என்று மறுத்து, வாடகையில் முற்பணமாகப் பாதியை மட்டும் நம்மிடம் வாங்கிக்கொண்டார். அவர் மறுத்ததில் ஒரு மானம் இருந்தது. ஆனால் அந்த மானத்தின் மேல்தான் நம் நாட்டுப் போக்குவரத்து முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தபோது நமக்கு அது முழு மகிழ்ச்சி தரவில்லை.

நெம்புகோல் இரண்டையும் மாறி மாறிப் போட்டு, சோப்புத் தண்ணீர் பூசி, கடைக்காரர் டயரைச் சில்லில் ஏற்றினார். துணைக்கை இயந்திரம் இல்லாமல் அந்த விளிம்பு உட்கார்ந்த ஓசையைக் கேட்டு இளைஞர் வியந்தார்.

நாம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மணமகள் அண்ணனோடு அரைமணி நேரம் பேசவில்லை.

டிசம்பரில் மொன்றியலிலிருந்து ஒரு படம் வந்தது. பனியில் நிற்கும் அந்த வண்டி. அதே 20 அங்குலச் சில்லுகள், குளிர்கால டயரோடு. உப்பு தின்றாலும் தின்னட்டும் என்று தீர்மானித்துவிட்டார் போலும். அழகாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வானின் முன்சில்லுகள் இரண்டிலும் வரிப்பள்ளம் இல்லாதிருந்ததை அன்று இறங்கும்போதுதான் பார்த்தோம். சாரதியிடம் சொன்னோம். தமக்குத் தெரியும் என்றும், தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றும் சொன்னார்.